ஐபோனா, ஆண்ட்ராய்டா? கிருஷ்ணகிரி, தருமபுரி வெயிலில் எது தாங்கும்

காரிமங்கலத்து வாசகர் எழுதியது, 2025 மே 11

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எட்டாம் தேதி முடிவு வந்தது, நல்ல மதிப்பெண். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஐபோன் வேண்டும் என்கிறாள். 59,900 ரூபாய்க்கு 16இ என்ற மாடல் வந்திருக்கிறது. தவணையில் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆண்ட்ராய்டு எதை வாங்கினாலும் இரண்டு வருடத்தில் மந்தமாகிவிடுகிறது. ஐபோன் ஏழெட்டு வருடம் உழைக்கும். ஓசூர்ப் பக்கத்திலேயே இப்போது செய்கிறார்கள் என்பதால் பழுது பார்ப்பதும் சுலபமாகத்தானே இருக்கும்? விலை அதிகம் என்பவர்கள் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மே 11, இரவு

மறுக்கிறேன் அண்ணா. காவேரிப்பட்டினத்துப் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற குடும்பம் எங்களுடையது. என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. தொழிலுக்குச் சாம்சங் ஏ வரிசைப் போன். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்துவிட்ட ஐபோன் 13 இன்னொன்று. இரண்டையும் தினமும் கையில் எடுப்பவள் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

முதலில் ஓசூர் விஷயம். அங்கே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனின் வெளிக்கூடுகளைச் செய்கிறது. நம் மாவட்டத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் தொழிற்சாலை வாசலில் போய் உடைந்த திரையை நீட்ட முடியாது. விலையும் ஓசூருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒன்றுதான். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது என்பதற்காகப் பாலக்கோட்டுக்காரருக்கு யாரும் சர்க்கரையை மலிவாகக் கொடுப்பதில்லை.

போனின் விலையை வாங்குகிற நாளில் பார்ப்பதைவிட அது கீழே விழுகிற நாளில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பெண் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். திரை உடைந்தால் எங்கே கொடுப்பாள்? எத்தனை நாள் போன் இல்லாமல் இருப்பாள்? எவ்வளவு செலவாகும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு எந்த மாடல் என்று பார்க்கலாம்.

மே 12

ஆண்ட்ராய்டு என்றால் இரண்டு வருடம்தான் என்று அண்ணா சொன்னதற்கு ஊத்தங்கரை ஆசிரியர் ஐயாவும் ஆமாம் போட்டிருக்கிறார். அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் அப்போது நாமெல்லாம் வாங்கியது 3 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பிடம் கொண்ட போன்கள். காலை வணக்கப் படங்களே அதில் பாதியைத் தின்றுவிடும். இடம் நிறைந்துவிட்டால் எந்த நிறுவனத்துப் போனும் தள்ளாடத்தான் செய்யும். அதோடு மென்பொருள் புதுப்பிப்பும் நின்றுபோகும். வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கத் தொடங்கும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கு ஏழு வருடப் புதுப்பிப்பு என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. அவை விலை அதிகம், நமக்கு வேண்டாம். நாம் பார்க்க வேண்டியவை சாம்சங்கின் ஏ16 5ஜி, ஏ26 ஆகிய இரண்டும். முதலாவது 18,999 ரூபாய்க்கும் இரண்டாவது 24,999 ரூபாய்க்கும் வந்தன. இரண்டுக்கும் ஆறு வருடப் புதுப்பிப்பு உண்டு. பொறியியல் படிப்பு நான்கு வருடம். பெண் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகும் போனுக்குப் புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும்.

இதே விலையில் எல்லா நிறுவனங்களும் இவ்வளவு தருவதில்லை. எத்தனை வருடம் அப்டேட் என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். மெகாபிக்சல், ராம் என்று அவர் பேச்சைத் திருப்பினால் விடாதீர்கள்.

மே 14

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று அரூர்த் தம்பி கேட்டிருக்கிறார்.

இதில் சீன நிறுவனங்கள்தான் முன்னால் நிற்கின்றன, மறுக்க முடியாது. ஏப்ரலில் வந்த ஐகூ இசட்10, விவோ டி4 இரண்டிலும் 7,300 எம்ஏஎச் பேட்டரி (எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு). கிராஃபைட்டோடு சிலிக்கானைச் சேர்த்துச் செய்கிற புதிய வகை என்பதால் அதே பருமனுக்குள் அதிகம் அடைக்க முடிகிறது. சாம்சங் ஏ வரிசையில் 5,000. ஐபோன் 13-இல் 3,200-க்குச் சற்று மேல். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஐபோனைச் சும்மா பையில் போட்டு வைத்தால் பேட்டரி இறங்குவதே தெரியாது. வரைபடத்தைப் போட்டுக்கொண்டு லாரிக்கு வழி சொல்லவும், நெட்டைப் பகிரவும் தொடங்கினால் மதியத்துக்குள் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். பெரிய பேட்டரிப் போன் அந்த நேரத்தில் பாதியில்தான் இருக்கும்.

சார்ஜரையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆப்பிள் 2020-இல் ஐபோன் 12 வந்தபோது பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சாம்சங் அடுத்த சில மாதங்களில் அதையே செய்தது. ஐகூ இசட்10 பெட்டியில் 90 வாட் சார்ஜர் இன்னும் வருகிறது.

மே 17

வெயிலைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் போனைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆப்பிள், சாம்சங் இரண்டும் 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் போனைப் பயன்படுத்தச் சொல்கின்றன. மே மாதத்தில் நம் பக்கம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. பறிப்பு நடக்கும் நாளில் போன் டிராக்டர் மூடியின் மேல் கிடக்கும், இல்லையென்றால் வண்டி டேங்க் உறையின் பிளாஸ்டிக் ஜன்னலுக்குள் கிடக்கும். அந்தச் சூட்டில் திரை தானாகவே மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கேமரா விளக்கு எரியாது. எந்த நிறுவனத்துப் போனாக இருந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ள அப்படித்தான் செய்யும். பேட்டரிக்குள் நடக்கிற சேதம் மட்டும் திரும்பி வராது. இரண்டு கோடைகளில் பேட்டரி நைந்துவிடுவதற்கு இதுதான் காரணம். குறையைப் போனின் மேல் போட்டுவிடுகிறோம்.

நான் செய்வது இது: தடித்த ரப்பர் கவரைக் கோடையில் கழற்றிவிடுவேன். போனைத் துணிப்பையில் சுற்றி மரத்தடியில் கூடைக்குள் வைப்பேன். சூடாக இருக்கும்போது சார்ஜ் போட மாட்டேன். குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலோடு சேர்த்து வைக்கிறார்கள் சிலர், அது வேண்டாம். உள்ளே ஈரம் பூத்துவிடும்.

வெயிலில் திரை தெரிகிறதா என்பதில் ஓஎல்இடி திரைகள் பழைய எல்சிடியைவிட எவ்வளவோ மேல். கடைக்குள் குளிரூட்டியின் கீழ் நின்று பார்த்தால் இது தெரியாது. கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

மே 17, மறுபடியும்

வண்டிக் கைப்பிடியில் போனை மாட்டுவது பற்றி ஒரு தம்பி கேட்டார். வண்டி என்ஜினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. படம் ஆடாமலிருக்க லென்ஸைத் தாங்கிப் பிடிக்கிற நுண்ணிய அமைப்பு உள்ளே இருக்கிறது, அதிர்வு அதைத்தான் தாக்கும். அதே அமைப்பு கொண்ட ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இது பொருந்தும். காதில் ஒற்றை இயர்போன் போட்டு வழியைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மே 21

இன்று நாள் முழுக்கப் பெங்களூரா மாங்காய்ப் பறிப்பு. விரலைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் இல்லை.

காயைக் காம்போடு கத்தரித்துக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். அவசரத்தில் காம்பு ஒடிந்தால் பால் பீறிட்டு விரலில் அடிக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நேரத்தில் எரியும், பிறகு பழுப்பாகக் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அந்த இடத்தில் தோல் உரியும். பருவம் முழுவதும் என் வலது கட்டைவிரல் நுனி வழுவழுவென்றுதான் இருக்கும். மாலையில் பறிப்பு ஆட்களுக்குக் கூலியை ஜிபேயில் அனுப்பப் போனால் போன் கைரேகையை ஏற்காது. துடைத்துவிட்டு வைத்தாலும் ஏற்காது. புளி தட்டும் பெண்களுக்கும், கிரானைட் பாலிஷ் போடுகிறவர்களுக்கும் ரேஷன் கடை இயந்திரத்தில் நடப்பது இதேதான்.

இந்த இடத்தில் ஐபோனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளால் முகத்தின் மேடுபள்ளத்தை அளக்கிறது. வெயிலிலும் திறக்கும், இருட்டிலும் திறக்கும். தலையில் துண்டு கட்டி மூக்குவரை மூடியிருந்தால்கூட ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தியவையும் திறக்கும். முகக்கவசக் காலத்துக்காக 2022 மார்ச்சில் சேர்த்த வசதி அது. நம் விலையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டுகளின் முகத்திறப்பு வெறும் முன்கேமராப் படம். வங்கிச் செயலிகள் அதை நம்புவதில்லை, நம்பவும் கூடாது.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. இடது கை மோதிர விரலைப் பதிந்து வையுங்கள், வேலையில் அதிகம் அடிபடாத விரல் அது. அதே விரலை இரண்டு முறை தனித்தனியாகப் பதிந்தால் இன்னும் நன்றாக எடுக்கும்.

மே 22

தூசு, தண்ணீர் தாங்கும் தரக்குறி ஐபி68 என்றால் போனைக் குழாயடியில் கழுவலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம். ஐபி68-இன் ஆழத்தை நிறுவனம் குறிப்பிடும். இரண்டும் அசையாத தண்ணீரில், புதுப் போனில் செய்கிற சோதனை. மோட்டார் தண்ணீரின் வேகம் வேறு. போன் ஒருமுறை விழுந்து எழுந்தபின் ரப்பர் அடைப்பும் பழைய மாதிரி இருக்காது. தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது. சிம் தட்டுக்கு உள்ளே ஒரு சிறு வெள்ளைப் பட்டை இருக்கும், ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும். சேவை மையத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மே 27

அழைப்புப் பதிவு. என் தொழிலில் இதற்கு மேல் முக்கியமான வசதி எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

காய் விலை போனில்தான் பேசி முடியும். டன்னுக்கு இவ்வளவு, கழிவு இவ்வளவு, பணம் எத்தனை நாளில் என்று எல்லாமே வாய்ப்பேச்சு. முந்தைய பருவம் ஒன்றில் ஒரு தரகர் காலையில் ஒரு விலை சொன்னார். லாரி போய் எடைமேடையில் நின்ற பிறகு, கழிவு போகத்தான் அந்த விலை என்றார். காலைப் பேச்சைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "சரிம்மா, இறக்குங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று அந்தப் பதிவு இல்லையென்றால் கூலி கொடுக்கவே கடன் வாங்கியிருப்போம்.

இந்தியாவில் விற்கும் சாம்சங் போன்களில் அழைப்புப் பதிவு உள்ளேயே இருக்கிறது. குறிப்பிட்ட எண்களை மட்டும் தானாகப் பதியும்படி அமைத்துவிடலாம். கூகுளின் டயலர் என்ற அழைப்புச் செயலி உள்ள போன்களில் பதிவு தொடங்கும்போது இரு பக்கமும் அறிவிப்புக் குரல் கேட்கும். ஐபோனில் நெடுங்காலம் இந்த வசதியே இல்லை; 2024 அக்டோபரில் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 18.1 வந்த பிறகுதான் கிடைத்தது, அதிலும் அறிவிப்பு உண்டு. ஆள் பேச்சை நிறுத்திவிட்டு "என்னம்மா அது?" என்று கேட்பார். தனியாக ஒரு செயலி போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: 2022 மே 11 முதல் கூகுள் அந்தக் கதவை அடைத்துவிட்டது. இப்போது அப்படிச் சொல்லி வருகிற செயலிகளை நம்பி எல்லா அனுமதியையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பதிவு செய்கிறேன் என்பதை எதிராளியிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். மறைத்துப் பதிவது எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டால் விலையும் ஒழுங்காக வருகிறது.

மே 28

காரிமங்கலம் அண்ணா, மகளுக்கு அழைப்புப் பதிவு தேவையில்லை என்கிறீர்கள். வாடகை வீடு பார்க்கும் வயது வரும்போது தேவைப்படும்.

ஜூன் 2

திரை உடைந்தால் எங்கே, எத்தனை நாள், எவ்வளவு என்ற என் மூன்று கேள்விகளுக்கு இப்போது வருகிறேன். என் சாம்சங் தோப்பில் ஏணியிலிருந்து விழுந்தது. கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய கடையில் கொடுத்தேன். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

அந்தத் தம்பி போனை முதலில் ஒரு சூட்டுத் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்து மெதுவாகச் சுற்றி வந்தார். பின்மூடி திறந்ததும் எதையும் தொடாமல் பேட்டரியின் இணைப்பைத்தான் முதலில் பிரித்தார். பிறகு மூன்று விதமான திரைகளை எடுத்து வைத்தார்: ஒரிஜினல், அதற்கு அடுத்த தரம், மலிவான காப்பி. காப்பி திரை ஒரிஜினலைவிடச் சற்றுத் தடிமன், கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். விலை மூன்றில் ஒரு பங்கு.

அங்கேதான் ஒரு செய்தி கிடைத்தது. திரைக்கு அடியில் கைரேகை படிக்கிற போன்களுக்கு மலிவான காப்பியைப் போட்டால் கைரேகை வேலை செய்யாது; அந்தத் திரை வழியாக ஒளி ஊடுருவாது. பக்கவாட்டுப் பொத்தானில் கைரேகை உள்ள போன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏ16, ஏ26 இரண்டிலும் பக்கவாட்டில்தான். திரைக்கு அடியில் இருப்பதை உயர்ந்த வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். உடைந்த அன்று அது செலவு.

ஒரிஜினலைப் போடச் சொன்னேன். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

ஐபோன் திரையையும் அதே கடையில் மாற்றுகிறார்கள். ஆனால் ஆப்பிள் ஒவ்வொரு பாகத்தையும் அந்தந்தப் போனோடு இணைத்து வைத்திருக்கிறது. வெளிப் பாகம் போட்டால் தெரியாத பாகம் என்று அமைப்புகளில் காட்டும், திரையின் நிறத்தை அறை ஒளிக்கேற்ப மாற்றும் வசதி போய்விடும். ஐஓஎஸ் 18-இலிருந்து இன்னொரு ஐபோனில் கழற்றிய அசல் பாகத்தை முறையாகப் பதிந்துகொள்ள வழி திறந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். அசல் பாகம் நம் ஊரில் கைக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த நிறுவனத்துக்கு உங்கள் பக்கம் சேவை மையம் இருக்கிறது என்பதை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பின்கோடு போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என் கணவர் முன்பு வைத்திருந்த போனில் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு திரை நடுவே பச்சைக் கோடு விழுந்தது. சேவை மையத்தில் வாரண்டி முடிந்தது என்று கையை விரித்தார்கள். புதுப்பிப்பை அனுப்பியது அவர்கள், திரைக்குப் பணம் கொடுத்தது நாங்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜூன் 10

நேற்று ஆப்பிள் ஐஓஎஸ் 26-ஐ அறிவித்திருக்கிறது. ஐபோன் 11 முதல் கிடைக்குமாம். 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் போன்களுக்கு இத்துடன் நின்றது. அதாவது ஏழு வருடம் வந்திருக்கிறது. அண்ணா சொன்ன ஏழெட்டு வருடக் கணக்கு இந்த வகையில் சரியே, அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். சாம்சங்கின் ஆறு வருடம் இனிமேல் நடக்க வேண்டிய வாக்குறுதி. ஆப்பிளுடையது கண்முன் நடந்து முடிந்தது. இந்த வித்தியாசத்தை மே மாதம் எழுதியபோது நான் போதுமான அளவு எடைபோடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. விற்கும்போது கிடைக்கிற விலையிலும் ஐபோனுக்குப் பக்கத்தில் எதுவும் வராது.

இருந்தாலும் மகளுக்கு 16இ வேண்டாம் என்ற இடத்திலேயே நிற்கிறேன். பொறியியல் படிக்கப் போகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது மடிக்கணினி. 25,000-க்குள் போனை முடித்தால் மீதி 35,000 அதற்கு உதவும். வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதில் செயல்முறைக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். ரசீதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஜூன் 12

மகளே நேரில் எழுதியிருக்கிறாள். கேமராவுக்காகத்தான் கேட்கிறாளாம், தோழிகளோடு வீடியோ எடுக்க வேண்டுமாம். பாப்பா, ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வீடியோவில் ஐபோன் மேல்தான். நிறமும் இயல்பாக வரும். எனக்கே அது பயன்படுகிறது. மாங்கூழ் ஆலைக்காரருக்குக் காயின் படம் அனுப்பும்போது சில ஆண்ட்ராய்டுகள் தாமாகவே பச்சையைத் தூக்கிவிடும், தோலில் இருக்கிற கரும்புள்ளியை மழுப்பிவிடும். பிறகு லாரி போய்ச் சேர்ந்ததும், படத்தில் இப்படி இல்லையே என்பார்கள். அதனால் படம் அனுப்புவது எப்போதும் ஐபோனிலிருந்துதான்.

உனக்கு ஐபோன்தான் வேண்டுமென்றால் நல்ல நிலையில் இருக்கிற பழைய 13-ஐப் பார்க்கலாம். அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றும் செலவைக் கழித்துப் பேசு. விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உன் கண்முன் வெளியேற வேண்டும், இல்லையென்றால் பூட்டிய போனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாய். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும், அது போனின் தனி அடையாள எண். கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்கங்களைச் சேர்த்து 14422-க்கு அனுப்பு. திருட்டுப் போன் என்று தடுக்கப்பட்டதாக இருந்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 15

பேச்சு எங்கெங்கோ போய், இரவுக் காவலுக்கு எந்தப் போன் என்று வந்து நிற்கிறது. எங்கள் தோப்பில் காவலுக்குப் படுக்கிற பெரியவர் பட்டன் போனைத் தவிர எதையும் தொட மாட்டார். டார்ச், எஃப்எம், ஒரு சார்ஜுக்கு ஒரு வாரம். 2003-இல் நோக்கியா 1100 வந்தபோது அதன் தலையில் இருந்த அந்தச் சிறிய டார்ச்சுக்காகவே கிராமங்களில் அதை வாங்கினார்கள். இன்றைக்கும் அவர் கேட்பது அதைத்தான்.

வானொலி விஷயத்தில் பல ஸ்மார்ட்போன்கள் பின்னுக்குப் போய்விட்டன. ஐபோனில் எஃப்எம் கிடையாது. மற்றவற்றிலும் இயர்போன் துளையை எடுத்த பிறகு வானொலியும் போய்விட்டது; கம்பி இயர்போனின் ஒயர்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. நெட் வழியாகத் தருமபுரி வானொலியைக் கேட்கலாம், ஆனால் தோப்பின் கடைசி வரப்பில் நெட் இருக்காது. 102.5 அங்கேயும் எடுக்கும். பெரியவர் விடியற்காலைச் செய்தியைச் சத்தமாக வைத்துவிடுவார், குரங்குகளும் விலகியிருக்கும்.

அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற இசிம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்ற ஐபோன் 13-இல் ஒரு சிம்முக்குத்தான் தட்டு. இரண்டாவது எண்ணை இசிம்மாகப் போட வேண்டும். போன் செத்துவிட்டால் அந்த எண்ணைக் கழற்றி இந்தப் பெரியவரின் போனில் போட முடியாது. வங்கி ஓடிபி வருகிற எண் சாதாரண சிம்மிலேயே இருக்கட்டும்.

ஜூன் 22

நேற்று முன்தினம், ஜூன் 20 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே விற்கும் போனின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். உதிரிப் பாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும். பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று ஏ முதல் இ வரை தரக்குறி போட வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்காக அரசு ஒரு தளம் தொடங்கியது. உதிரிப் பாகம், கையேடு பற்றி நிறுவனங்கள் அதில் தகவல் தருகின்றன. அந்தத் தரக்குறி நம் கடைகளிலும் வர வேண்டும். ஏணியிலிருந்து விழும் போன் ஐரோப்பாவில் மட்டுமா இருக்கிறது?

ஜூன் 29

தமிழில் எழுதுவது எதில் எளிது என்று ஊத்தங்கரை ஆசிரியர் ஐயா கேட்டிருந்தார். ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்தே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. எதையும் தரவிறக்க வேண்டாம். தமிழ்99 பழகியவர்களுக்கு அது போதும். ஆண்ட்ராய்டில் கூகுள் விசைப்பலகைக்கு 2017-இல் தமிழ்க் குரல் வந்தது, நான் பெரும்பாலும் அதில் சொல்லித்தான் எழுதுகிறேன். பால் பட்ட விரலுக்கு அதுவே நல்லது. செந்தூரா, பீத்தர் என்று காய்ப் பெயர் சொன்னால்தான் தடுமாறுகிறது. போனின் மெனு முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ள ஆண்ட்ராய்டு விடுகிறது, ஐஓஎஸ் 18.4 முதல் ஐபோனும் விடுகிறது; ஆண்ட்ராய்டில் என் மாமியார் அப்படித்தான் வைத்திருக்கிறார், யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஜூலை 6

அஞ்செட்டிச் சகோதரருக்கு. உங்கள் பக்கம் சிக்னல் எடுக்க எந்தப் போன் நல்லது என்ற கேள்விக்குப் போன் மாடலைவிட அலைவரிசைதான் விடை.

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற காட்டுவழியில் நீண்ட தூரத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் சிக்னல் இருக்காது. ஆற்றங்கரையை நெருங்கினால் கர்நாடகப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கிவிடும் என்பதால் காட்டுக்குள் நுழையும்போது விமானப் பயன்முறையில் போடுங்கள். 112-க்கு மட்டும் உங்கள் சிம் எதுவானாலும் கிடைக்கிற எந்தக் கோபுரத்தின் வழியாகவும் அழைப்புப் போகும். ஐபோனில் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். அது இந்தியாவில் கிடையாது. யானை நடமாடுகிற வழியில் அதை நம்பிப் போகாதீர்கள்.

பிஎஸ்என்எல் சிம்தான் உங்கள் ஊரில் எடுக்கிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களின் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100-லும் வருகிறது. 700 என்பது பேண்ட் 28. மலையையும் மரங்களையும் தாண்டி உள்ளே வருவது அதுதான். இங்கே விற்ற ஆண்ட்ராய்டு மாடல்கள் சிலவற்றில் பேண்ட் 28 இல்லை. சிக்னல் பக்கத்திலேயே இருந்தும் போனுக்குக் கேட்காது. ஐபோன் 13-இல் உண்டு. ஜியோ என்றால் 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது, பேச்சே 4ஜியில்தான், ஆகவே பழைய பட்டன் போனில் அந்தச் சிம் பேசாது.

மாடலின் முழு எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் தளத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டுக்கு வெவ்வேறு பட்டியல் இருக்கும். முடிந்தால் கடைக்காரரிடம் சொல்லி உங்கள் சிம்மைக் காட்சிப் போனில் போட்டு வெளியே வந்து ஒரு அழைப்புப் பேசிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.